எத்தனை வருசத்துக்கு ரகசியம்?

எங்கள் அலுவலகத்தில் யாராவது குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தால் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"எத்தனை வருசத்துக்குங்க?"

கேலி செய்கிறார் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். இல்லை. தையல்காரர் அளவு கேட்பது போல, வேலைக்கு வேண்டும் என்றுதான் கேட்பார். "எப்பவுமே" என்று பதில் சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார். "எப்பவும்னு ஒரு அளவு கெடையாதுங்க. மாசமோ வருசமோ சொல்லுங்க, அதுவரைக்கும் நான் பொறுப்பு" என்பார்.

டெஸ்டிங் பிரிவில் இருந்த ஒரு பெண் தான் ஒருவரைக் காதலிக்கும் விஷயத்தை இவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். ஆறு மாதம், அதற்குள் வீட்டில் பேசிவிடுவேன் என்று கெடுவும் சொல்லியிருக்கிறாள். ஆறு மாதமும் இவர் மூச்சு விடவில்லை. கெடு முடிந்த மறுநாள் காலை, கேண்டீனில் இட்லித் தட்டோடு நின்ற அந்தப் பெண்ணிடம் போய், "உங்க ஆறு மாசம் முடிஞ்சுதுங்க" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகும் அவர் யாரிடமும் சொல்லப் போவதில்லை. ஆனால் வீட்டில் இன்னும் வாயே திறக்காத அந்தப் பெண்ணுக்கு இட்லி இறங்கவில்லை. "அந்த அக்காகிட்ட ரகசியம் சொல்றதும் ஒண்ணு, கோர்ட்ல வாய்தா வாங்கறதும் ஒண்ணு" என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அதை ஆரம்பித்து வைத்தவன் நான்தான்.

அவருக்கு அது தொழிலிலிருந்து வந்த பழக்கம். மைசூரில் ஹெப்பாள் பக்கம் உள்ள ஒரு பெரிய கணினி நிறுவனத்தில் நாங்கள் ஐந்து பேர் ஒரு குழு. பூட்டு மாற்றுகிறவர்கள் என்று எங்களை நாங்களே சொல்லிக்கொள்வோம். இன்றைக்கு வங்கியும் ஆஸ்பத்திரியும் நம் கைபேசியும் அனுப்பும் செய்திகளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஒரு கணக்கு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணைக் கையில் கொடுத்து, எந்த இரண்டைப் பெருக்கினேன் சொல் என்றால் உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்தாலும் ஆயுசு போதாது. அந்தக் கஷ்டம்தான் பூட்டு. இரும்பு எதுவும் கிடையாது. குவாண்டம் கணினி என்று ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்களே, அது போதுமான அளவு பெரிதாகும் அன்றைக்கு இந்தக் கஷ்டம் கஷ்டமாக இருக்காது. கல்லூரியில் நாங்கள் ஆகாத கணக்கு என்று படித்துப் பரீட்சை எழுதியது ஆகிற கணக்காகிவிடும்.

அந்த நாள் பத்து வருடத்தில் வரும் என்கிறார்கள், இருபது என்கிறார்கள், நம் காலத்தில் வராது என்பவர்களும் உண்டு. அப்புறம் ஏன் இப்போதே அலைய வேண்டும் என்றால், திருடன் அதுவரை சும்மா இருக்கமாட்டான். வழியில் போகும் செய்திகளை இன்றைக்கே பூட்டோடு அள்ளி வைத்துக்கொள்வான். மெஷின் வந்ததும் திறந்துகொள்வான். அதனால் ஒவ்வொரு தகவலையும் எடுத்து, இது எத்தனை வருடம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதுவது எங்கள் முதல் வேலை. மெஷின் வரும் நாளையும் தாண்டிக் காக்க வேண்டியது என்றால் அதற்குத்தான் முதலில் புதுப் பூட்டு, அந்த மெஷினுக்கும் கஷ்டமான வேறொரு கணக்கு. பட்டியலில் அந்த ஒரு கட்டத்தை நிரப்புவது அவர் பொறுப்பு.

ஒருமுறை வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் பட்டியல் வந்தது. அதில் மனநல ஆலோசனைப் பதிவுகள் என்று ஒரு வரி. எத்தனை வருடம் என்று போனில் கேட்டதற்கு அங்கிருந்த அதிகாரி ஏழு என்றார். ஏழு வருடத்தில் அந்தப் பதிவுகளை அவர்கள் அழித்துவிடுவார்களாம். இவர் எழுதவில்லை. நீங்கள் வைத்திருப்பது ஏழு வருடம், அது ரகசியமாக இருக்க வேண்டியது எத்தனை வருடம் என்று திரும்பக் கேட்டார். அந்தப் பக்கம் புரியவில்லை. இவர் நிதானமாக விளக்கினார். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி டாக்டரிடம் மனதில் இருப்பதைச் சொல்கிறாள். நீங்கள் அழித்துவிடுவீர்கள், அள்ளிக்கொண்டு போனவன் அழிப்பானா? அவள் வேலைக்குப் போக வேண்டும், கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும், பிள்ளைகளை வளர்க்க வேண்டும். அதிகாரி யோசித்துவிட்டு, உங்கள் இஷ்டம் என்றார். இவர் அந்தக் கட்டத்தில் எழுபது என்று எழுதினார்.

எழுபது என்றால் அந்த வரி பட்டியலின் தலைக்குப் போய்விடும். எங்கள் மேலாளர் போட்டிருந்த திட்டம் மொத்தமும் தலைகீழானது. யாரைக் கேட்டு எழுபது போட்டீர்கள் என்று கூட்டத்தில் கன்னடத்தில் குரலை உயர்த்தினார். அந்தப் பெண்ணை யாருமே கேட்கவில்லை சார், அதனால் நானே கேட்டுக்கொண்டேன் என்று இவரும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். மேலாளர் மூன்று நாள் இவரோடு பேசவில்லை. நாங்கள் மூன்று வாரம் சனிக்கிழமையும் வேலைக்கு வந்தோம். இவரைத் திட்டிக்கொண்டேதான் வந்தோம். அந்தப் பெண் என்று ஒருத்தி உண்மையில் கிடையாது என்பதையும் அடிக்கடி சொல்லிக்காட்டினோம். அவர் ஆளுக்கொரு வாழைப்பழம் கொண்டுவந்து மேசையில் வைப்பார்.

எங்கள் தொழிலில் மரியாதை என்றால் ஒன்றுதான். பக்கத்தில் ஒருவர் கடவுச்சொல் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நாங்கள் எல்லோரும் கழுத்தைத் திருப்புவோம். அக்கா நாற்காலியோடு திரும்பிவிடுவார். ஜன்னல் வழியாகத் தூரத்தில் தெரியும் சாமுண்டி மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "ஆச்சு அக்கா" என்று சொன்னால்தான் மறுபடி இந்தப் பக்கம் வருவார். வருடக்கணக்காக இப்படி இருந்தால் கழுத்து அதற்கே பழகிவிடுகிறது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் போனை எடுத்தாலே என் தலை தானாகத் திரும்பும். என் மனைவி என்னோடு இருந்த காலத்தில் அவளுக்கு இது பிடிக்காது. "என் போன்ல என்ன இருக்குன்னு ஒரு நாளாவது எட்டிப் பார்க்கத் தோணாதா உங்களுக்கு?" என்பாள். நல்லவனாக இருப்பதற்குக்கூடத் திட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

குவெம்பு நகரிலிருந்து ஹெப்பாளுக்குக் கம்பெனி பஸ். இரண்டு பேர் இருக்கையில் ஜன்னல் பக்கம் அவர் உட்கார்ந்திருப்பார், பக்கத்து இடத்தில் அவருடைய பை உட்கார்ந்திருக்கும். நான் ஏறும் நிறுத்தத்தில் வேறு இடம் மிஞ்சியிருக்காது. "அக்கா, பையைக் கொஞ்சம் எடுங்க" என்பேன். எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். மறுநாள் பை மறுபடி அங்கேயே இருக்கும். ஆறு வருடம் தினமும் இதைச் சொல்லியிருக்கிறேன். தனியாக இருக்க விரும்புகிறவர், நான்தான் இடைஞ்சல் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் எரிச்சல் வந்துவிட்டது.

"நான் வருவேன்னு தெரியுமில்ல அக்கா. பையைக் கீழ வெச்சா என்ன?"

"கீழ வெச்சா நீங்க பேசாம உக்காந்துருவீங்க. மேல இருந்தாத்தான் 'அக்கா'ன்னு ஒரு வார்த்தை வருது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டேன். எழுந்ததிலிருந்து அவர் காதில் விழும் முதல் வார்த்தை அதுதான் என்று எனக்கு உறைக்கவில்லை. ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். ஊர் ஹனூர் பக்கம், ராகியும் மக்காச்சோளமும் போடும் குடும்பம், ஒரு தம்பி உண்டு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். கல்யாணம் ஆகவில்லையா, ஆகி முடிந்துபோனதா, தெரியாது. கேட்டதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்தவன் அல்லவா நான்.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் குழு குக்கரஹள்ளி ஏரிக்குப் போவது வழக்கம். சுண்டல் வாங்கிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தபோது குழுவில் ஒருவர் தன் மனைவிக்கு எங்கள் வேலையை விளக்கினார். குவாண்டம் கணினி எல்லாச் சாவியையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்துவிடும் என்றார். அக்காவுக்கு அந்த விளக்கம் ஆகாது. எழுந்து போய் இரண்டு கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் போட்டார்.

"ரெண்டு அலையும் மோதுற எடத்தப் பாருங்க. சில எடத்துல அடங்கிப் போகுது, சில எடத்துல சேந்து எழும்புது. அவ்வளவுதானுங்க. தப்பான விடையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதி அடங்கிரும். சரியானது எழும்பி நிக்கும். சாவிக்கொத்தெல்லாம் கெடையாது."

"புதுப் பூட்டை அது தொறக்காதா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இன்னைக்கு யாருக்கும் வழி தெரியலைங்க. தெரியாதுங்கறது வேற, முடியாதுங்கறது வேற."

அந்த அம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. அப்படியானால் நான் என் அக்காவுக்கு அனுப்புவதையெல்லாம்கூட எவனாவது சேர்த்து வைத்திருப்பானா என்றார். அதற்கு இவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இருக்கலாமுங்க. எனக்கு அதுல பயம் வர்றதில்ல. முன்னபின்னத் தெரியாத ஒருத்தன் நம்ம பேச்சை இருவது வருசம் பத்திரமா வெச்சுக்கிட்டு, எப்பத் தொறப்போம்னு உக்காந்திருக்கான் பாருங்க. கூடப் பொறந்தவங்ககூட அப்படி வெச்சுக்க மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தோம். சுண்டல் தீர்ந்தது, எழுந்துவிட்டோம்.

என் ரகசியம் ஒன்றும் அவரிடம் இருந்தது. மனைவி பிரிந்து கோயம்புத்தூர் போன பிறகு நான் அதை வீட்டில் சொல்லவில்லை. என் அப்பா சத்தியமங்கலத்திலிருந்து குண்டலுபேட்டைக்குக் காய்கறி வியாபாரத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். அவர் காலமான பிறகு அம்மா மட்டும் அந்த வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்து, "அவ எங்கடா?" என்பார். "குளிக்கறாம்மா" என்பேன். வாராவாரம் அதே பொய். வேறு பொய் யோசிக்கக்கூடச் சோம்பல். தசராவுக்கு ஊர் முழுக்க விளக்குப் போட்டு, சாலைகளை அடைத்து, எங்கள் பஸ்ஸை எங்கோ திருப்பிவிட்டு, ஒன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்ற ஒரு மாலையில் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"எத்தனை வருசத்துக்குங்க?"

"ஒரு வருஷம். அதுக்குள்ள நானே சொல்லிடறேன்."

"செரி."

ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் கொஞ்சம் லேசாயின. அடுத்த தசராவுக்கு விளக்குப் போட்ட மறுநாள், நான் உட்காரும் முன்பே, "உங்க வருசம் முடிஞ்சுதுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அலுவலகம் வரும்வரை பேசவில்லை. அந்த வாரமே குண்டலுபேட்டைக்குப் போனேன். நான் சொன்னதை அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எட்டு மாசமாத் தெரியும்டா. ஒருத்தி வாராவாரம் அதே நேரத்துக்கா குளிப்பா? ஒரு வாரமாச்சும் தலையத் துவட்டிக்கிட்டு வந்து பேச மாட்டாளா?"

"தெரிஞ்சா கேட்டிருக்கலாமேம்மா."

"நீயாச் சொல்லுவேன்னு நான் இருந்தேன். நானாக் கேப்பேன்னு நீ இருந்தியோ என்னமோ."

திங்கட்கிழமை பஸ்ஸில் அக்காவிடம் இதைச் சொன்னபோது கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "எட்டு மாசம் வெச்சுக்கிட்டு இருந்திருக்காங்க பாருங்க" என்றார். எனக்கு மனம் குளிர்ந்திருந்த நேரம். "எல்லார் ரகசியமும் உங்ககிட்ட இருக்கு. உங்களுது யார்கிட்ட இருக்கு?" என்று சீண்டினேன்.

"என்னுதா? கேக்க ஆளிருந்தாத்தானுங்க அது ரகசியம். இல்லாட்டி சும்மா கெடக்கற சாமான்."

எங்கள் நிறுத்தம் வந்தது. என் பையை எடுத்துக்கொண்டு நான் முதலில் இறங்கினேன்.

அதற்கடுத்த வருடம் அவர் இளைக்க ஆரம்பித்தார். ஊருக்குப் போகிறேன் என்று அடிக்கடி விடுப்பு எடுத்தார். ஒருநாள் அவர் பையை மடிக்கு எடுக்கும்போது உள்ளே ஒரு ஆஸ்பத்திரிக் கோப்பின் உறை தெரிந்தது. என் கழுத்து தானாகத் திரும்பியது. ஹெப்பாள் வரும்வரை எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரியும். பார்க்காத மாதிரி இருப்பதுதான் நான் அவருக்குச் செய்யும் நன்மை என்று மனதார நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் எனக்கு அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. அவர் இருக்கை என் இருக்கைக்குப் பக்கத்தில்தான். மெயிலில் ஒரு வரிகூட இல்லை. 'படிக்க' என்ற பெயரில் ஒரு கோப்பு மட்டும் இருந்தது. பூட்டியிருந்தது. அதுவும் பழைய பூட்டு, நாங்கள் ஊர் உலகமெல்லாம் தேடித்தேடிக் கழற்றிக்கொண்டிருந்த அதே பகா எண் பூட்டு. சாவி அவரிடம்.

"கைய நீட்டினா குடுத்திருக்கலாமே அக்கா, எதுக்கு மெயில்?"

"நாலு ஊரு சுத்திட்டு வரட்டுமேன்னுதான். வழியில எவனாச்சும் எடுத்து வெச்சுக்கிட்டா வெச்சுக்கட்டும்."

"நீங்களே பழைய பூட்டுப் போட்டா எப்படி?"

"புதுசு எதுக்குங்க? அது நம்ம காலத்துல தொறக்காது."

அவருடைய கேள்வியை அவரிடமே கேட்க எனக்கு ஒரு சந்தர்ப்பம். "எத்தனை வருசத்துக்குங்க?" என்றேன், அவர் குரலிலேயே.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க கேக்கற வரைக்கும்" என்றார்.

நான் சிரித்தேன். "சரிக்கா, எங்கிட்ட பத்திரமா இருக்கும்" என்று சொன்னேன். பூட்டிய ஒன்றை ஒருவர் கொடுத்தால் அதைத் தொடாமல் வைத்திருப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த அன்பு. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "பத்திரமாத்தான் இருக்கும்" என்றார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். அடுத்த வாரத்திலிருந்து நீண்ட விடுப்பு. இரண்டு முறை போன் செய்தேன். வேலை விஷயமாகத்தான் பேசினேன். உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. கோப்பில் என்ன என்றும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. தம்பி வீட்டில் இறந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியும்போது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

அவருடைய மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கத் தம்பி வந்தார். துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் மீட்க முடியாதபடி அழிக்கலாம் என்று குழுவிலிருந்து ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மேலாளர் என்னை அனுப்பினார். வரவேற்பறையில் என் பெயரைச் சொன்னதும் தம்பியின் முகம் மலர்ந்தது.

"அக்கா உங்களப் பத்திச் சொல்லுமுங்க."

"என்ன சொன்னாங்க?"

"பஸ்ஸுல பைய எடுக்கச் சொல்றவருன்னு."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கடைசி வரைக்கும் மனசுல என்ன வெச்சிருந்துச்சுன்னே எங்களுக்குத் தெரியலைங்க. நாங்களும் பயந்துக்கிட்டுக் கேக்கல. உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?"

கோப்பைப் பற்றிச் சொன்னேன். பூட்டியிருக்கிறது, சாவி பெரும்பாலும் இந்த மடிக்கணினிக்குள்தான் இருக்கும் என்றேன். அவர் மேசைமேல் இருந்த கணினியைப் பார்த்தார்.

"அப்பத் தொறக்க முடியுமுங்களா?"

முடியும். மேலாளருக்கு ஒரு மெயில் போட்டு, காரணம் சொல்லி, மேலிடத்து அனுமதி வாங்கினால் அந்தச் சாவியை எடுத்துவிடலாம். ஒரு வாரம் ஆகும், திட்டு விழும், ஆனால் நடக்கும். பேனா என் கையில் இருந்தது. உயிரோடு இருந்தபோது கேட்காததை, இறந்த பிறகு குடைந்து எடுப்பது திருட்டு என்று எனக்குத் தோன்றியது.

"அவங்க சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாதுங்க" என்றேன்.

"செரிங்க. உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். கொள்ளேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேரத்தில் அழித்துவிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். எதையும் இனி மீட்க முடியாது என்று அதில் எழுதியிருந்தது.

அன்று மாலை பஸ்ஸில் அவருடைய ஜன்னல் இருக்கையில் நான் உட்கார்ந்தேன். ஒண்டிக்கொப்பல் தாண்டும்போது எனக்குப் புரிந்தது. நீங்க கேக்கற வரைக்கும் என்று அவர் சொன்னதுதான் சம்மதம். அவர் வைத்த ஒரே கெடு அதுதான். முடித்துவைக்க வேண்டியவன் நான். மற்றவர்களின் கெடுவையெல்லாம் நாள் தவறாமல் நினைவு வைத்திருந்த ஒருவர், என்னிடம் மட்டும் கேள் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். நான் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போதுகூட என்னை நான்கு அறை அறையலாம் போல இருக்கிறது. தம்பி மறுபடி போன் செய்யவில்லை. செய்தாலும் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

சென்ற மாதம் எங்கள் சொந்தக் கணினிகளிலேயே பழைய பூட்டு மிச்சமிருக்கிறதா என்று தேடினார்கள். பட்டியலில் என் பெயருக்கு நேரே ஒரே ஒரு வரி வந்தது. 'படிக்க.' அதன் பக்கத்தில் அவர் நிரப்பும் அந்தக் கட்டம் காலியாக நின்றது. நிரப்பாமல் மேலே போக விடாது. எழுபது என்று போட்டால் அதன்மேல் புதுப் பூட்டு விழும், பிறகு என் காலத்தில் திறக்காது. பூஜ்யம் என்று போட்டால் இது ரகசியமே இல்லை என்று பொருள், அப்படியே விட்டுவிடுவார்கள். நான் பூஜ்யம் போட்டேன். மேலாளர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

எங்கோ ஒரு நாட்டில் குவாண்டம் கணினி இன்னும் ஒரு படி பெரிதாகிவிட்டது என்று செய்தி வந்தால் எங்கள் குழுவில் மற்றவர்கள் பட்டியலைத் திறந்து மிச்சத்தை எண்ண ஆரம்பிப்பார்கள். நான் என் வயதைக் கூட்டிப் பார்க்கிறேன். இப்போது நாற்பத்து மூன்று. பத்து வருடம் என்றால் ஐம்பத்து மூன்று. இருபது என்றால் அறுபத்து மூன்று, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிடலாம். அந்தக் கோப்பை மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வழியில் எவனாவது எடுத்து வைத்திருந்தால் அவனும் நன்றாக இருக்கட்டும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவனாவது திறந்து பார்ப்பான்.

உங்கள் பேச்சை இருபது வருடம் வைத்துக்கொண்டு, எப்போது திறப்போம் என்று உட்கார்ந்திருக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டான் அக்கா என்று அவரிடம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் அந்த இருக்கை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. எடுக்கச் சொல்ல அதில் பை இல்லை.